வெளி அலாய் போட்டால் காற்றழுத்த சென்சார்: பழசு, புதுசு, மூடி வகை

கிரெட்டா, செல்டோஸ் போன்ற வண்டிகளின் மேல் ரகங்களில் ஒவ்வொரு டயரின் காற்றழுத்தமும் திரையில் எண்ணாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் வீலுக்குள்ளே, வால்வின் அடியில் ஒரு சென்சார் இருக்கிறது. கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய அலாய் வீல் போடும்போது அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. குஷாக், டைகுன் மாதிரி வண்டிகளில் அது இல்லை. காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றுமே, அதை பிரேக்குக்கான ஏபிஎஸ்ஸின் சக்கர வேக சென்சார் வழியாகக் கவனித்து வண்டி எச்சரிக்கும். இந்த வண்டிக்காரர்களுக்குக் கவலையில்லை. டயரின் மொத்த விட்டம் பழையதை ஒட்டி இருக்கட்டும். காற்றைப் பிடித்து ரீசெட் கொடுத்தால் சரி. நாலு டயரும் சேர்ந்து மெல்ல இறங்கினால் மட்டும் அதற்குப் பிடிபடாது.

மற்றவர்களுக்கு வழி மூன்று.

பழைய சென்சாரைக் கழற்றிப் புது வீலில் போடுவது செலவு குறைந்த வழி. வண்டிக்கு அதை ஏற்கெனவே தெரியும். எது எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டால் போதும். ஆனால் அதன் பேட்டரியை மாற்ற முடியாது. ஆயுள் சுமார் 5 முதல் 10 ஆண்டு. ஆறு வயதான வண்டியில் பழசை மாட்டினால், கொஞ்ச நாளில் டயரை மறுபடி பிரிக்க வேண்டி வரலாம். சில வெளி அலாய்களில் உட்புற வளைவு சென்சாரின் உடம்பில் இடிக்கும். டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் வீலில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் புரோகிராம் செய்யும் வகை. இந்திய வண்டிகளுக்கு 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க வண்டிகளுக்கான 315 இங்கே ஊமை. அலைவரிசை பொருந்தினாலும் வண்டியின் மொழி, அதாவது சென்சார் செய்தி அனுப்பும் முறை, பொருந்த வேண்டும். பழைய சென்சாரின் அடையாள எண்ணைப் புதியதில் நகலெடுக்கும் கருவி கடையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

வால்வு மூடிக்குப் பதில் திருகும் வகை எந்த வீலுக்கும் பொருந்தும், விலையும் குறைவு. எனக்கு இதில் நம்பிக்கையில்லை. வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் பின்னை அது அழுத்தியபடியே இருப்பதால், அந்த மூடியின் வாஷர் போனால் காற்றும் போகும். ரப்பர் வால்வில் அந்தக் கனம் ஆடி ஆடி அடியில் வெடிப்பு விழும். வண்டியின் சொந்த விளக்கும் அணையாது, ஏனென்றால் இரண்டும் பேசிக்கொள்வதில்லை. ராமேஸ்வரத்தில் வண்டியை விட்டுவிட்டு தரிசனத்துக்குப் போய் வருவதற்குள் யாராவது திருகிக்கொண்டு போனாலும் கேட்க ஆளில்லை.

மதுரைக்காரர்கள் இத்தோடு முடிவெடுத்துவிடலாம். மண்டபம், பாம்பன், கீழக்கரைக்காரர்கள் தண்டைப் பார்க்க வேண்டும். சென்சாரின் வால்வுத் தண்டு அலுமினியத்தில் வரும், ரப்பரிலும் வரும். அலுமினியத் தண்டில் சாதாரணப் பித்தளைப் பின்னையோ உலோக மூடியையோ போட்டால், உப்புக் காற்றில் அலுமினியம் அரித்துப்போகும். முதலில் மூடியின் விளிம்பில் வெள்ளைப் பொடி பூக்கும். அப்புறம் மூடி இறுகிவிடும். குறடு போட்டுத் திருகினால் மூடியோடு தண்டும் முறிந்து கையில் வரும். காற்று மொத்தமும் அங்கேயே காலி. அரிச்சல்முனைச் சாலையில் இரண்டு பக்கமும் கடல், மேலே தெறிக்கும் மணல், அதில் அடிக்கடி ஓடும் வண்டிக்கு ரப்பர் தண்டுச் சென்சார்தான் என் தேர்வு. உலோகத் தண்டுதான் கிடைத்தது என்றால் நிக்கல் பூசிய பின், பிளாஸ்டிக் மூடி, இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

சென்சாரே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? சாயல்குடி பக்கம் ஓட்டுகிறவர் அப்படிச் சொல்லமாட்டார். சீமைக்கருவேல முள் குத்தினால் டயர் உடனே உட்காராது. முள் உள்ளேயே ஒடிந்து நின்று, ராத்திரியோடு ராத்திரியாகக் காற்றை இறக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் திரையில் தெரியும். அந்தப் பஞ்சருக்குக் கண்ட திரவத்தையும் ஊற்ற விடாதீர்கள். சென்சாரின் சின்னத் துளையை அது அடைத்துவிடும்.

வண்டி புதுசு என்றால் பழைய சென்சாரையே மாற்றிப் போடுங்கள். நாலைந்து வருடம் தாண்டியிருந்தால் ரப்பர் தண்டோடு புதுசு. இரண்டிலும், டயரை மெஷினில் ஏற்றும் முன் சென்சார் இருக்கிறது என்று கடைப் பையனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் டயரின் விளிம்பை அழுத்தினால் சென்சார் நொறுங்கிவிடும். மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்படியே எரிந்து நின்றால், பெரும்பாலும் காற்றில் குறையிருக்காது. சென்சாரை வண்டி கேட்கவில்லை. கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.