ஹெட்ஸ்பின் ஸ்பெஷல் பேட்ச்: பணம் கட்டும் முன் ஒரு நிமிஷம்

ஹெட்ஸ்பின் (பிரேக்டான்ஸில் தலையைத் தரையில் ஊன்றித் தலைகீழாகச் சுற்றுவது) சொல்லித்தருகிறோம் என்று யாராவது முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால், கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் பணமும் போனது, கழுத்தும் இன்னும் சரியாகவில்லை.

விளம்பரத்தில் "புதியவர்களும் சேரலாம், படிப்படியான பயிற்சி" என்று இருந்தது. முதல் வகுப்பில் படியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஹெட்ஸ்டாண்டில் அசையாமல் நிற்க வருகிறதா, கழுத்தில் எப்போதாவது அடிபட்டிருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. தலைகீழாக நிற்கவைத்து, பம்பரம் விடுவது போல மாஸ்டரே காலைப் பிடித்துச் சுற்றிவிட்டார். பக்கத்தில் ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார்.

அதைவிட மோசம், கீழே விரித்திருந்த மேட். ரப்பர் பிடிப்போடு மெத்தென்று அமுங்கும். பார்த்தால் பாதுகாப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் ஹெட்ஸ்பினில் தலை வழுக்கிச் சுற்ற வேண்டும். அந்த மேட்டில் தலை ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பியது. முறுக்கு முழுக்கக் கழுத்தில் இறங்கியது. சுளீரென்று ஒரு வலி. அன்று இரவே கட்டைவிரல் வரை மரத்துப்போனது. மாஸ்டரிடம் போய்ச் சொன்னால், "எல்லாருக்கும் அப்படித்தான், சுத்தச் சுத்தச் சரியாயிடும்" என்றார். நரம்பு அழுத்தம் என்று சொன்ன டாக்டர், தலைகீழாக நிற்கவே தடை போட்டுவிட்டார்.

பல வருஷமாக பிரேக்டான்ஸ் ஆடும் ஒரு பி-பாயிடம் (பிரேக்டான்ஸ் ஆடுபவரை அப்படித்தான் சொல்வார்கள்) பிறகு விசாரித்தேன். முதலில் இரண்டு கையும் தலையும் முக்கோணமாக ஊன்றி ஆடாத ஹெட்ஸ்டாண்ட் வர வேண்டுமாம். கூடவே கழுத்துக்குத் தனிப் பயிற்சி: நெற்றியிலும் பக்கங்களிலும் கையால் அழுத்த, தலை அசையாமல் எதிர்த்து நிற்பது. அப்புறம் காலை விரித்து, கையால் தரையைத் தட்டித் தட்டிக் கால்வாசிச் சுற்று, அரைச் சுற்று. இதை டாப்பிங் என்கிறார்கள்; எடையில் நல்ல பங்கு கையில் இருக்கும். கையை விட்டுச் சுற்றுவதெல்லாம் கடைசியில். தரை வழுவழுப்பாக இருக்க வேண்டும், தலையில் வழுக்கும் துணி தைத்த பீனி (தலையை ஒட்டிய தொப்பி) வேண்டும். தடுமாறினால் கழுத்து மடங்காமல் எப்படி உருண்டு இறங்குவது என்பதைச் சுற்றுவதற்கு முன்பே பழக்குவார்களாம். எங்கள் வகுப்பில் விழுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நன்றாகக் கற்றவர்களையும் இது சும்மா விடுவதில்லை. வருஷக்கணக்கில் சுற்றினால் உச்சியில் முடி கொட்டும், தோல் தடித்துப் புடைக்கும். 19 ஆண்டுகள் ஹெட்ஸ்பின் செய்த ஒருவருக்கு அப்படி வந்த புடைப்பை அறுவை சிகிச்சையில் அகற்றியது பற்றி 2024-ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. இதையும் யாரும் சொல்லவில்லை.

ரீஃபண்ட் கேட்டதற்கு, "வீடியோவில் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க?" என்று பதில். அந்த வீடியோவைத்தான் இப்போது அடுத்த பேட்சுக்கு விளம்பரமாக ஓட்டுகிறார்கள். எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. பச்சைச் சட்டையில் சுற்றுவது நான்தான். விழுவதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டார்கள்.