‘இயற்கை இனம்’ என்ற சொல்லுக்கு நான் கொடுத்த 1,800 வெள்ளி

சிங்கப்பூரா பூனைக்குட்டி விற்பனைக்கு என்று இணையத்தில் வரும் விளம்பரங்களைப் பார்த்து முன்பணம் அனுப்ப நினைப்பவர்கள், அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு விற்றவரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் என்னிடம் சொன்ன பெயர் அவருடையதுதானா என்பதே சந்தேகம்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் மைக்ரோசிப் பொருத்தி உரிமம் பெற வேண்டும் என்பது புதிய விதி. பல ஆண்டுகளாகப் புளோக்கின் கீழே திரியும் பூனைகளுக்கு மட்டுமே தன் அன்பைப் பங்கிட்டு வந்த என் மகளுக்கு அதற்குமேல் பொறுமை இருக்கவில்லை. எனக்கோ, வளர்ப்பதென்றால் நம் ஊர்ப் பெயரையே தாங்கியிருக்கும் பூனையை வளர்க்கலாமே என்று ஓர் ஆசை. கேவனா பாலத்தின் அருகே ஆற்றோரமாக இருக்கும் சிறிய வெண்கலப் பூனைகளைச் சிறுவயதில் என் தந்தை எனக்குக் காட்டியதைப் போலவே நானும் மகளுக்குக் காட்டியிருக்கிறேன். பூனையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லையும் அன்பைக் குறிக்கும் மலாய்ச் சொல்லையும் சேர்த்து ‘குச்சிந்தா’ என்று பெயர் சூட்டி, 1991-இல் சுற்றுலாத் துறை தன் சின்னமாக்கிக்கொண்ட பூனை அதுதான். கால்வாய்களில் வாழ்ந்த எளிய பூனையாம், கால்வாயைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால் ‘லோங்காங் பூனை’. உள்ளூர்ப் பெருமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் பெருமையைத்தான் அவர் சரியாகக் குறிவைத்தார் என்று இப்போது தெரிகிறது.

நவம்பர் மாதத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மூன்று மாதக் குட்டி, தூய சிங்கப்பூரா, தடுப்பூசி போடப்பட்டது, மைக்ரோசிப் உண்டு, விலை 1,800 சிங்கப்பூர் வெள்ளி. அழைத்தபோது பேசியவர் தமிழர். அதுவே எனக்கு ஒரு நம்பிக்கையைத் தந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பரம்பரைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சற்றும் தடுமாறாமல், “அண்ணே, பேப்பர் எல்லாம் மனுசன் கலந்து உண்டாக்கின இனத்துக்குத்தான். இது நம்ம லோங்காங்குல தானா வந்த இனம். இதுக்கு யாருண்ணே பேப்பர் குடுக்கிறது?” என்றார். கேட்டவுடன் நியாயமாகத்தான் பட்டது. அடுத்த நிமிடம் 500 வெள்ளியைப் பேநவ் என்ற கைபேசிப் பணமாற்றுச் சேவை வழியாக அனுப்பினேன்; திரையில் தோன்றியது முழுப்பெயர் அன்று, ஒரு புனைபெயர்.

அந்த ஒற்றை வாசகத்தில்தான் முழு ஏமாற்றும் அடங்கியிருக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இயற்கை இனம் என்பது, மனிதர் திட்டமிட்டு இரண்டு இனங்களைக் கலக்காமல், ஓரிடத்துப் பூனைகளிடையே தானாகத் தோன்றி நிலைத்த உருவத்தைக் குறிக்கிறது. மேன் தீவின் வாலில்லாப் பூனையும் நார்வே காட்டுப் பூனையும் அப்படிப்பட்டவையே. ஆயினும், அந்த உருவமுள்ள பூனைகளை ஒருவர் தெரிந்தெடுத்து, இன்ன பூனைக்கும் இன்ன பூனைக்கும் பிறந்தது இது என்று தலைமுறை தலைமுறையாகப் பதிவேட்டில் எழுதிவந்த பிறகே அது ‘இனம்’ என்று அங்கீகாரம் பெறுகிறது. பதிவேடு இல்லையென்றால் அது நல்ல பூனையாக இருக்கலாம், அழகான பூனையாக இருக்கலாம், சிங்கப்பூராவாக இருக்க முடியாது.

சிங்கப்பூராவின் பதிவேடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடுகிறது. ஹால் மெடோ, டாமி மெடோ என்ற அமெரிக்கத் தம்பதியர் 1975-இல் இங்கிருந்து தாயகம் திரும்பியபோது கொண்டுசென்ற மூன்று பூனைகளே இந்த இனத்தின் மூலம் என்று சொல்லப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் இங்குள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்திலிருந்து இன்னொரு பூனையும் சேர்ந்தது. பிறகு 1987-இல், இத்தகைய பூனைகளைத் தேடிச் சிங்கப்பூருக்கு வந்த ஜெரி மேயஸ் என்ற வளர்ப்பாளர், அந்த மூன்று பூனைகளும் 1974-இல் அமெரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவை என்பதைக் காட்டும் இறக்குமதிப் பத்திரங்களைக் கண்டெடுத்தார். முன்பொரு பயணத்தில், 1971-இல், தான் இங்கிருந்து அனுப்பிவைத்த உள்ளூர்ப் பூனைகளின் பேரக்குட்டிகளே அவை என்று ஹால் மெடோ விளக்கம் சொன்னார். பூனை இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க அமைப்பான சி.எஃப்.ஏ. விசாரித்து, தவறு எதுவும் இல்லை என்று கூறி, இயற்கை இனம் என்ற தகுதியை அப்படியே விட்டுவைத்தது. பூனை இனங்களைப் பற்றி 2008-இல் வெளியான மரபணு ஆய்வொன்றில், மரபணுப் பன்மை மிகக் குறைந்த இனங்களுள் சிங்கப்பூராவும் இருந்தது. அது பர்மீஸ் இனத்துக்கு மிக நெருக்கமானது என்பதும் தெரியவந்தது. மெடோ தம்பதியர் ஏற்கெனவே பர்மீஸ், அபிசீனியன் பூனைகளை வளர்த்தவர்கள் என்பதால், அவற்றைக் கலந்ததன் விளைவே இது என்று ஐயுறுவோர் இன்றும் இருக்கிறார்கள். அந்த வழக்கை நான் தீர்க்க வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவு: பதிவுபெற்ற சிங்கப்பூரா ஒவ்வொன்றின் வம்சாவளியும் அந்த அமெரிக்கப் பதிவேட்டில் போய்த்தான் முடிய வேண்டும். “நம் லோங்காங்கிலிருந்து நேராக வந்தது” என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லே அது சிங்கப்பூரா அன்று என்பதற்குச் சாட்சி. இதையெல்லாம் பணம் கொடுத்த பிறகு படித்தேன்.

குட்டியை வாங்க அவருடைய வீட்டுக்கு வருகிறேன் என்றபோது, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி, ஈசூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வரச்சொன்னார். காலணிப் பெட்டியைவிடச் சற்றே பெரிய அட்டைப்பெட்டியில் குட்டி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. உலகின் மிகச் சிறிய பூனை இனங்களுள் ஒன்றல்லவா, மூன்று மாதத்தில் இவ்வளவுதான் இருக்கும் என்றார். வால் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. அதுதான் இந்த மண்ணின் முத்திரை, வேறு நாட்டுப் பூனைக்கு வராது என்றார். கண்கள் சாம்பல் கலந்த நீலமாக இருந்தன. வளர வளரப் பச்சையாகும் என்றார். தாய்ப்பூனையின் படம் ஒன்றைக் கைபேசிக்கு அனுப்பினார். தை மாதத்தில் அதே தாய்க்கு அடுத்த ஈற்று இருக்கிறது, நண்பர்கள் யாராவது கேட்டால் சொல்லுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். மீதி 1,300 வெள்ளியை ரொக்கமாக எண்ணிக் கொடுத்துவிட்டு, குறையொன்றுமில்லாத மனத்தோடு எம்ஆர்டி ஏறினேன்.

மறுநாளே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனது நான் செய்த ஒரே சரியான காரியம். எடை 640 கிராம். மருத்துவர் முதலில் பார்த்தது எடையை அன்று, பற்களை. முன்பற்களும் கோரைப்பற்களும் வந்துவிட்டன, ஆனால் பின்பக்கத்துப் பாற்பற்கள் இன்னும் முழுமையாக முளைக்கவில்லை. ஆகவே வயது ஆறு அல்லது ஏழு வாரம், பன்னிரண்டு வாரம் என்பதற்கு வாய்ப்பே இல்லை என்றார். கண்களின் நீலம் எல்லாப் பூனைக்குட்டிகளுக்கும் உரியது, அது மாறத் தொடங்கும் வயதும் ஏறக்குறைய அதுவே. சிறிய இனம் என்று எனக்குக் காட்டப்பட்டது, தாயிடமிருந்து காலத்துக்கு முன்பே பிரிக்கப்பட்ட ஒரு சிசு. தடுப்பூசிப் புத்தகத்தில் இருந்த தேதியைக் கணக்கிட்டால் குட்டி பிறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. ஆறு வாரத்துக்கு முன் அந்த ஊசியை வழக்கமாகப் போட மாட்டார்கள். மைக்ரோசிப் எண் என்று ஒரு தாளில் பதினைந்து இலக்கங்கள் எழுதிக் கொடுத்திருந்தார்; மருத்துவர் கருவியைக் கழுத்திலிருந்து வால்வரை இருமுறை ஓட்டினார், ஒரு சத்தமும் எழவில்லை.

ஈறுகள் வெளுத்திருந்தன. உடலெங்கும் தெள்ளுப்பூச்சி, வயிற்றில் புழு. சிங்கப்பூரா என்று நான் சொன்னதால், அந்த இனத்தில் காணப்படும் பைருவேட் கைனேஸ் குறைபாட்டையும் மருத்துவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிந்து இரத்தசோகையை உண்டாக்கும் பரம்பரை நோய் அது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்தால்தான் நோய் வெளிப்படும், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி அனுப்பினால் ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடலாம். பொறுப்புள்ள வளர்ப்பாளர் தாய்க்கும் தந்தைக்கும் அந்தச் சோதனையைச் செய்து, முடிவைக் கேட்காமலே காட்டுவார் என்று மருத்துவர் சொன்னபோது என்னிடம் காட்ட ஒரு கைபேசிப் படம் மட்டுமே இருந்தது. இரண்டு வாரங்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு, மருந்து, வெந்நீர்ப் புட்டி என்று கழிந்தன. மகள் அதற்குள் மிளகு என்று பெயர் வைத்துவிட்டாள்.

மிளகுக்கு நான்கு மாதமானபோது சோதனைக்கு அனுப்பினோம். பைருவேட் கைனேஸ் குறைபாடு இல்லை என்ற முடிவு வந்தது; அதுவே போதுமென்றிருந்தது. அதே மாதிரியில் நிறத்துக்கான மரபணுவையும் பார்க்கச் சொல்லியிருந்தோம். சிங்கப்பூராவுக்கு உள்ளது ஒரே நிறம்: பழைய தந்தத்தின் சாயலுள்ள தளத்தில் அடர்பழுப்பு, ஒவ்வொரு மயிரிலும் வெளிர்பட்டையும் அடர்பட்டையும் மாறி மாறி வரும். அந்த நிறம் வேண்டுமானால் பர்மீஸ் பூனைக்குரிய நிற மரபணு இரு பிரதிகளாக இருந்தாக வேண்டும். மிளகிடம் இருந்தது ஒன்றே ஒன்று. தென்கிழக்காசியத் தெருப்பூனைகளில் இது அதிசயமில்லை என்றார் மருத்துவர். அதற்குள் வாலில் வளையங்களும் தெளிவாகத் தெரியத் தொடங்கியிருந்தன. இனத் தரவிதியைப் படித்தால், வாலில் பட்டை இருந்தாலே தகுதியிழப்பு, கண்ணுக்குத் தெரியும் வால் குறையும் தகுதியிழப்பு. எனக்கு முத்திரை என்று விற்கப்பட்ட கொக்கி வால், அந்த இனத்திலிருந்து விலக்கி வைப்பதற்குரிய குறை!

தாய்ப்பூனையின் படத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தது மருத்துவர் இல்லை, என் மகள். “அப்பா, இதோட இடக்காது நுனியைப் பாருங்க” என்றாள். நேராக வெட்டப்பட்டிருந்தது. இங்கே கருத்தடை செய்யப்பட்ட சமூகப் பூனைகளுக்கு அடையாளமாக இடக்காதின் நுனியை அப்படி வெட்டிவிடுவார்கள். எங்கள் புளோக்கின் கீழே படுத்திருக்கும் நான்கு பூனைகளுக்கும் அப்படித்தான். தை மாதத்தில் ஈனப்போவதாகச் சொல்லப்பட்ட தாய், கருத்தடை செய்யப்பட்ட ஒரு தெருப்பூனை. மிளகின் உண்மையான தாய் எந்தப் புளோக்கின் கீழே எத்தனை நாள் தேடியது என்பதை நினைத்துப் பார்க்காமலிருக்க முயல்கிறேன்.

முறையீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விலங்குகளை விற்பனைக்கு வைக்க இங்கே உரிமம் வேண்டும், ஆகவே உரியவர்களுக்குத் தெரிவித்தேன். காவல்துறையிலும் புகார் கொடுத்தேன். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கும், ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் இல்லாமல் யார் மீது கோருவது? என்னிடம் இருந்தவை செயலிழந்த ஒரு தொலைபேசி எண்ணும் ஒரு புனைபெயரும் மட்டுமே. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவர் வீட்டுக்கு வரவேண்டாம் என்ற நாளிலேயே நான் திரும்பியிருக்க வேண்டும். தாயையும் குட்டியையும் பிறந்த இடத்திலேயே சேர்த்துப் பார்க்காமல், வம்சாவளிச் சான்றை அதை வழங்கிய அமைப்பிடமே கேட்டு உறுதிசெய்யாமல், பணம் தருமுன் மைக்ரோசிப்பை ஒரு மருத்துவரிடம் படிக்கச் சொல்லாமல், தயவுசெய்து யாரும் ஒரு வெள்ளியைக்கூட முன்பணமாக அனுப்ப வேண்டாம். இனப் பெயர் ஒரு பொருட்டில்லை என்றால், காப்பகங்களில் மிளகைப் போன்ற கொக்கி வால் குட்டிகள் சொற்பத் தொகைக்கே தத்துக்குக் கிடைக்கின்றன.

மிளகு இப்போது 4.4 கிலோ, உலகின் சிறிய பூனை இனத்தில் பெண் 2 கிலோவைச் சுற்றியும் ஆண் மூன்று கிலோவைச் சுற்றியும்தான் இருக்கும். உரிம விண்ணப்பத்தில் இனம் கேட்ட கட்டத்தில் ‘உள்ளூர்க் குறுமயிர்ப் பூனை’ என்பதை மகளே தெரிந்தெடுத்தாள். சன்னல்களுக்கு வலையும் அடித்துவிட்டோம். சென்ற வாரம் அதே வாசகங்களுடன், வேறொரு பெயரில், புதிய விளம்பரம் ஒன்று வந்திருக்கிறது. விலை 2,200 வெள்ளி. தாய்ப்பூனையின் படமும் அதே படம்தான். இம்முறை இடக்காது தெரியாதபடி ஓரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்.