பழைய பாய்வள்ளத்தைத் திருத்தி மூன்று வருடம் ஓடிய அனுபவம்

2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில்தான் இந்த ஆசை வந்தது. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில் கவிழ்த்துக் கிடந்த 14 அடிப் பாய்வள்ளம் ஒன்றை வாங்கி, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வளவுக்குக் கொண்டுவந்தேன். மாமரத்தடியில் கிடுகுக் கொட்டில் போட்டு, வேலைக்குப் போய்வந்த நேரம்போக ஒன்பது மாதம் அதோடுதான்.

பழைய பெயின்டைச் சுரண்டியதும் ஆணிகளைச் சுற்றிக் கறுப்பு வளையங்கள் தெரிந்தன. இரும்பாணி துருவேறி, அந்த இடத்து மரம் தும்புபோல ஆகியிருந்தது. வள்ளத்தின் அடிமரமான ஏரா நல்ல நிலையில் இருந்தது. இரண்டு பலகையும், உள்ளே பலகைகளைத் தாங்கும் வளைசட்டமான வங்கு மூன்றும் மாற்றி, செப்பாணி அடித்தேன். மூன்று வருடத்தில் அந்த ஆணிகளால் ஒரு தொல்லையும் இல்லை.

பிழைவிட்டது பலகை இடுக்குகளில். இறுகிப் போகும் புட்டியை வைத்து அடைத்தேன். கடலில் விட்டு நாலாம் நாள் பலகைகள் ஊதின. புட்டி பட்டைபட்டையாக எழும்பியது, புதிதாகப் போட்ட வங்கு ஒன்றும் வெடித்துவிட்டது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் வள்ளம் கட்டும் வயதான ஓடாவியார் ஒருவர் வந்து, இடுக்குகளைப் பஞ்சால் அடைக்கும் கலப்பத்து வேலையைப் பழக்கினார். பருத்திப் பஞ்சைத் திரித்து இடுக்கில் வைத்து, கலப்பத்து உளியைக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். பஞ்சு இறுக இறுகச் சத்தம் மாறும்; முதலில் மந்தமாக இருக்கும், பிறகு கணீர் என்று கேட்கும். அதோடு நிறுத்திவிட வேண்டும். மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசினோம். ஆழமில்லாத இடத்தில் இறக்கியதும் இருக்கைப் பலகை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. நான் வாளியை எடுக்கப் போக, "பொறு தம்பி, பலகை தண்ணி குடிக்கட்டும்" என்றார். மூன்றாம் நாள் இறைத்துவிட்டுப் பார்த்தால் ஒழுக்கு நின்றிருந்தது.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, 1938இல் பாய்விரித்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போன கப்பல். அந்த ஊர் இங்கிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம். அப்படியிருந்தும் கலப்பத்து என்ற சொல்லையே நான் நாற்பது வயதில்தான் கேட்டேன். எனக்கு இது பெரிய மனக்குறை.

தார்ப்பாயில் தைத்த பாய் இரண்டு சோழகக் காற்றுக் காலத்தோடு வெயிலில் இற்றுப்போனது. அதற்குக் காசு பார்க்காதீர்கள். இன்னொன்று, வள்ளத்தைக் காயவிடக் கூடாது. போன சித்திரையில் இரண்டு கிழமை கரையில் விட்டேன். ஒரு ஈர்க்கு நுழையும் அளவுக்கு இடுக்கு விரிந்தது. இப்போது ஈரச் சாக்கு போட்டு மூடுகிறேன். கிழமைக்கு ஒரு தடவையாவது கடலுக்குப் போகாதவர்களுக்கு ஃபைபர் வள்ளமே நல்லது. எனக்கு மண்டைதீவுப் பக்கம் எஞ்சின் சத்தமில்லாமல் போய்த் தூண்டில் போடும் அந்தக் காலைநேரம் போதும்.

இப்போது மாரி, வள்ளம் கொட்டிலில் கிடக்கிறது. முன்னணியத்தில் இரண்டு இடுக்கு மறுபடி அடிக்க வேண்டும். பஞ்சு வாங்கி வைத்துவிட்டேன். தைப்பொங்கல் முடிய ஓடாவியார் வருகிறேன் என்றிருக்கிறார்.