ராத்திரி இரண்டே முக்காலுக்கு எழுப்பிய கார்டு டியூட்டி

மண்ணடியில் சரக்கு அனுப்பும் சின்ன அலுவலகம் ஒன்றில் கணினிப் பொறுப்பு முழுக்க என்னுடையது. எங்கள் சர்வர்கள் ஓடும் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் வாடகைக் கணினிச் சேவை) கணக்கில் பதின்மூன்று பெயர்கள் உண்டு. அதில் ஆட்கள் நாலு பேர்தான். மீதி ஒன்பதும் சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது ஆளுக்குப் பதில் நிரல்கள் பயன்படுத்தும் கணக்கு. ராத்திரியில் கன்டெய்னர் நிலவரத்தை இழுத்து வந்து சேமிப்பது ஒன்று, பில்களை வாடிக்கையாளருக்கு மெயிலில் அனுப்புவது ஒன்று, இப்படி.

எனக்குக் கவலை இந்த ஒன்பதைப் பற்றித்தான். ஆளின் கணக்கில் யாராவது நுழைந்த மாதிரி இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், "அக்கா, நான் உள்ளே போகவே இல்லையே" என்று அந்தப் பையனே சொல்லிவிடுவான். சர்வீஸ் அக்கவுண்டுக்கு வாய் கிடையாது. அதன் ஆக்சஸ் கீ, அதாவது உள்ளே நுழையும் ரகசியச் சாவி, யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அது. அதனால் அதன் பழக்கத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் பல வருடம் நின்ற காவலாளி, தினம் வரும் லாரியில் டிரைவர் மாறியிருந்தால் நம்பர் பிளேட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அப்படி ஒருவர் வேண்டும் என்றுதான் போன வருடம் அமேசான் கார்டு டியூட்டியைப் போட்டேன். கணக்கில் சந்தேகப்படும்படி ஏதாவது நடந்தால் எச்சரிக்கும் சேவை, 2017-இல் வந்தது. முதல் 30 நாள் இலவசம், அதற்குள்ளேயே மாதம் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டையும் காட்டிவிடுகிறது. எங்கள் அளவுக்கு அது அலுவலக டீச் செலவைவிடக் குறைவு.

நிறுவுவதற்கு எதுவும் இல்லை. கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்று ஏடபிள்யூஎஸ் எழுதிவைக்கும் கிளவுட்ட்ரெயில் பதிவுகளைத் தானே படித்துக்கொள்கிறது. யார், எந்த ஊரிலிருந்து, எந்த நெட்வொர்க் வழியாக, எந்த மென்பொருளை வைத்து, எதைக் கேட்டார்கள் என்பதைப் பழகிக்கொண்டு, மாறினால் சொல்கிறது.

ஒரு ராத்திரி 2.45-க்கு போன் அடித்தது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் அது காசிமேட்டுக்கு ஐஸ் வண்டிகள் போகும் நேரம், எப்படியும் அரைத் தூக்கம்தான். எழுந்து பார்த்தால் பில் அனுப்பும் அக்கவுண்டின் பெயர். எங்கள் நிரல் பைத்தானில் எழுதியது, மும்பை சர்வரிலிருந்து மட்டும் பேசும். வந்திருந்ததோ காளி லினக்ஸ் (கணினிகளுக்குள் ஊடுருவிச் சோதிக்கும் கருவிகளோடு வரும் இயங்குதளம்) கணினியிலிருந்து, வெளிநாட்டு ஐபி முகவரி. கிளவுட்ட்ரெயிலில் முதல் வரி கெட்காலர்ஐடென்டிட்டி, அதாவது "நான் யார்?" என்ற கேள்வி. சொந்தக்காரருக்கு அந்தக் கேள்வி எதற்கு? அடுத்தடுத்து யூசர் பட்டியல், அனுமதிப் பட்டியல். அந்த அக்கவுண்டுக்கு மெயில் அனுப்ப மட்டுமே அனுமதி கொடுத்திருந்தேன், அதனால் அந்தப் பட்டியல்களுக்கெல்லாம் மறுப்புதான் போயிருந்தது. கீயை உடனே செயலிழக்கச் செய்தேன். நிரல் எழுதிக் கொடுத்த வெளி ஆளின் லேப்டாப்பில் அந்தக் கீ அப்படியே கிடந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

காலையில் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அதே சம்பவத்துக்கு இரண்டு எச்சரிக்கைகள் வந்திருந்தன. காளி லினக்ஸ் என்பதற்கு நடுத்தரத் தீவிரம். வழக்கத்துக்கு மாறாகத் துருவிப் பார்க்கிறார்கள் என்பதற்குக் குறைந்த தீவிரம். நடுத்தரமும் அதற்கு மேலும் இருந்தால்தான் போன் அடிக்க வேண்டும் என்று நான் விதி போட்டிருந்தேன். வந்தவன் சாதாரண விண்டோஸிலிருந்து வந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆளின் கணக்கில் அந்தக் குறைந்த தீவிரம் சரிதான், ஆட்கள் புதிதாக எதையாவது தேடுவார்கள். தினம் ஒரே வேலையைச் செய்யும் சர்வீஸ் அக்கவுண்ட் திடீரென்று தேடினால் அது சின்ன விஷயமே இல்லை. இப்போது அந்த ஒன்பது பெயருக்கும் எந்த எச்சரிக்கை வந்தாலும் போன் அடிக்கும்படி, எச்சரிக்கைகளை வாங்கித் திருப்பிவிடும் ஈவன்ட்பிரிட்ஜ் என்ற சேவையில் தனி விதி இருக்கிறது. இதைப் போடுகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

குறைகளும் உண்டு. இது சொல்லும், தானாகத் தடுக்காது. தடுக்க நாமே லாம்டா, அதாவது எச்சரிக்கை வந்ததும் தானாக ஓடும் குட்டி நிரல், எழுத வேண்டும். ஒவ்வொரு ரீஜனிலும் (ஏடபிள்யூஎஸ் சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) தனித்தனியாக இயக்க வேண்டும். மும்பையில் மட்டும் போட்டுவிட்டால், நாம் எட்டிப் பார்க்காத ரீஜனில் யாராவது சர்வர் கிளப்பினால் தெரியாது. ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுத் தகவல் அனுப்பும். 15 நிமிடமாக மாற்றிக்கொள்ளலாம், மாற்றுங்கள். எச்சரிக்கைகள் 90 நாள்தான் இருக்கும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவலும் சொல்ல வேண்டும். அதனால் ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்பிடமான எஸ்3-க்கு ஏற்றுமதி செய்துவைக்கிறேன்.

சாரிடம் விவரம் சொன்னபோது, "இத்தனை சாவி எதுக்கும்மா வெளியே சுத்துது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஒன்பதில் ஆறை நிரந்தரக் கீ இல்லாமல், தற்காலிகச் சாவி மட்டும் தரும் ரோலுக்கு மாற்றிவிட்டேன். பாக்கி மூன்றையும் இந்த மாதத்துக்குள் மாற்றிவிடுவேன்.