கோர்ட் நிருபருக்கு இ-கோர்ட்ஸ் செயலி எவ்வளவு உதவும்?

கோர்ட் பீட் பார்க்கிறவர்களுக்கு என்று யாரும் செயலி செய்து தரவில்லை. வக்கீல்களுக்கும் வழக்காடிகளுக்கும் செய்ததை நாமும் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கில் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. காசு கிடையாது. உருவாக்கியது மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம் (என்ஐசி). 2007இல் தொடங்கி இப்போது மூன்றாம் கட்டத்தில் இருக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தில் ஒரு பகுதி இது. மாவட்ட, தாலுகா நீதிமன்ற வழக்குகளைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

செய்தி சூடாக இருக்கும்போது இந்தச் செயலி பெரிதாக உதவாது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் புதிதாக வரும் தம்பிகள் எரிச்சலடைகிறார்கள். வெள்ளி இரவு ஒருவரைக் கைது செய்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விடுமுறை என்றால் அவர் வீட்டிலேயே ரிமாண்ட் நடக்கும். அதன்பிறகு போலீஸ் குற்றப்பத்திரிகை போட 60 நாளோ 90 நாளோ ஆகலாம். அந்தக் கெடு தாண்டினால் ஜாமீன் கேட்பது எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், உரிமை. இத்தனையும் நடக்கும் காலத்தில் செயலியில் வழக்கைத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அமர்வு நீதிமன்றத்தில் ஜாமீன் மனு போட்டிருந்தால் அது மட்டும் தனி எண்ணில் தெரியலாம். குற்றப்பத்திரிகையைக் கோப்பில் எடுத்து கோர்ட் எண் கொடுத்த பிறகுதான் வழக்கு செயலிக்குள் பிறக்கிறது. அதுவரை கோர்ட் டியூட்டி ஏட்டையாவும் அரசு வழக்கறிஞர் அலுவலகமும்தான் கதி.

எண் விழுந்த பிறகு கதையே வேறு. நாம் மறந்துவிட்ட வழக்குகளைச் செயலி மறப்பதில்லை. கைதைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு விடுதலையை ஒரு வரிகூடப் போடாமல் விடுவது நம் தொழிலின் பழைய வழக்கம். 'வாய்தா எப்போது என்று தெரியவில்லை சார்' என்ற சாக்கு இனி செல்லாது.

தேடுவதற்குப் பல வழிகள் இருந்தாலும் நிருபருக்கு உகந்தது எஃப்ஐஆர் எண்தான். மாவட்டம், நீதிமன்ற வளாகம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு கொடுத்தால் போதும். பெயரை வைத்துத் தேடுவது பெரும்பாடு. கந்தசாமியை ஒரு எழுத்தர் 'டி' போட்டு அடித்திருப்பார், இன்னொருவர் 'டிஎச்' போட்டிருப்பார், மூன்றாமவர் 'சுவாமி' ஆக்கியிருப்பார். முதல் மூன்று எழுத்தை மட்டும் கொடுத்துவிட்டு, வருகிற பட்டியலைப் பொறுமையாக உருட்டுங்கள். ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் சிஎன்ஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வரிசை எண், ஆண்டு எல்லாம் அடங்கிய, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்கம் அது. அடுத்த முறை அதைப் போட்டால் நேராக வழக்குக்கே போய்விடலாம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. கொலை வழக்கு முதலில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 'பிஆர்சி' (முதல்நிலைப் பதிவேட்டு வழக்கு) எண்ணில் இருக்கும். நகல்களை எதிரிகளுக்குக் கொடுத்து முடித்ததும் அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அது 'எஸ்சி' (செஷன்ஸ் கேஸ்) ஆகிப் புது எண் வாங்கும். பழைய எண்ணில் பார்த்தால் 'டிஸ்போஸ்டு' என்று காட்டும். வழக்கு முடிந்தது, ஆள் விடுதலை என்று அதை வைத்து எழுதிவிடாதீர்கள். வழக்கு மாடி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். மாஜிஸ்திரேட்டே விசாரிக்கக்கூடிய அடிதடி, திருட்டு வழக்குகள் 'சிசி' (காலண்டர் கேஸ்) எண்ணில் அங்கேயே நடக்கும்.

எனக்குப் பிடித்த இடம் 'கேஸ் ஹிஸ்டரி'. வாய்தா தேதிகள் வரிசையாக நிற்கும். ஒரு தேதியைத் தொட்டால் அன்று என்ன நடந்தது என்று ஒன்றிரண்டு வரி வரும்: ஒன்றாம் எதிரி ஆஜர், இரண்டாம் எதிரி வரவில்லை, பிடிவாரண்ட் பிறப்பிக்கப்பட்டது, அடுத்த வாய்தா இன்ன தேதி. இதையே பத்து இருபது வாய்தாவுக்கு வாசித்தால் வழக்கு எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பது விளங்கிவிடும். சாட்சி வரவில்லையா, சம்மன் போய்ச் சேரவில்லையா, எதிரி தலைமறைவா என்று தெரியும். 'ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்கு' என்று மொட்டையாக எழுதுவதைவிட, எந்தச் சாட்சிக்காக எத்தனை முறை தள்ளிப்போனது என்று எழுதலாம். ஆனால் அந்த வரிகள் பெரும்பாலும் சுருக்கெழுத்து ஆங்கிலம். சில கோர்ட்டுகளில் விவரமாக எழுதுவார்கள், சில இடங்களில் அடுத்த தேதியைத் தவிர ஒன்றும் இருக்காது. தட்டச்சு செய்பவரின் புண்ணியம்.

மறுநாள் வழக்குப் பட்டியலையும் பார்க்கலாம். ஆனால் அதை நம்பி நேராகக் கிளம்ப வேண்டாம். நீதிபதி விடுப்பில் இருந்தாலோ, வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு அறிவித்திருந்தாலோ முக்கால்வாசி வழக்கு வாய்தா வாங்கிக்கொண்டு போய்விடும். காலையிலேயே ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுவிடுவது உத்தமம்.

தீர்ப்பு நாளில் செயலி துணைக்குத்தான். 'குற்றவாளி' என்று சொன்ன பிறகு தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்பார். அதற்கு அந்த ஆள் சொல்கிற பதிலையும், பின்வரிசையில் நிற்கும் குடும்பத்தையும் கூண்டுக்கு எதிரே நின்றுதான் பார்க்க முடியும். தீர்ப்பு நகல் பின்னால் ஏறும். சில கோர்ட்டில் அன்றைக்கே, சில கோர்ட்டில் நாள் கழித்து. ஏறியதும் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். மூன்று பிரிவுகளில் பத்து, ஐந்து, மூன்று ஆண்டு என்று இருந்தால் கூட்டி '18 ஆண்டு சிறை' என்று போட்டுவிடத் தோன்றும். 'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று கீழே ஒரு வரி இருந்தால் மொத்தமே பத்துதான்.

போக்சோ வழக்கில் செயலியிலோ நகலிலோ ஏதாவது விவரம் கண்ணில் பட்டாலும் அதை அச்சிட உங்களுக்கு அனுமதி என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு குழந்தையின் பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது. எதிரி சொந்தக்காரர் என்றால் அவர் பெயரைப் போடுவதே குழந்தையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றரை மதிப்பெண்ணை எதற்குக் குறைத்தேன் என்றால், பிஆர்சியிலிருந்து எஸ்சிக்குப் போக ஒரே தொடுதலில் வழி இருந்திருக்கலாம். எஃப்ஐஆர் எண்ணை வைத்துக்கொண்டு அமர்வு நீதிமன்றத்தில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது. அன்றாடக் குறிப்புகளைத் தமிழிலும் ஏற்றினால் நமக்கு மட்டுமில்லை, வழக்குக்காரர்களுக்கும் பெரிய உதவி. மற்றபடி, நீங்கள் கைதுச் செய்தி போட்ட வழக்குகளை எல்லாம் எண் விழுந்ததும் 'மை கேசஸ்' பகுதியில் சேர்த்து வையுங்கள். போன் மாற்றும்முன் அந்தப் பட்டியலை மறக்காமல் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளவும்.