ஹைட்ரஜனை உடைத்தது யார்: குட்டி விண்மீன் திரள்களா, குவேசார்களா?

பெருவெடிப்புக்கு அப்புறம் சுமார் 100 கோடி ஆண்டுகளுக்குள், எங்கும் பரவிக் கிடந்த ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுத்த புற ஊதா ஒளி எங்கிருந்து வந்தது? என் ஓட்டு இளம் நட்சத்திரங்கள் நிறைந்த குட்டித் திரள்களுக்குத்தான். தனித்தனியாகப் பார்த்தால் குவேசாரின் (வாயுவை விழுங்கும் ராட்சதக் கருந்துளையால் ஒளிரும் திரள் மையம்) பிரகாசத்துக்குப் பக்கத்தில்கூட அவை வர முடியாது, ஆனால் அந்தக் காலத்தில் பிரகாசமான குவேசார்கள் மிக அரிது, திரள்களோ ஏராளம்.

சரி, திரள்களிடமும் ஒரு சிக்கல் உண்டு. ஹைட்ரஜனை அயனியாக்க, அதாவது அதன் எலக்ட்ரானைப் பிய்க்க, 13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். அவ்வளவு ஆற்றலுள்ள ஃபோட்டான்களில் (ஒளித்துகள்களில்) பெரும்பகுதியைத் திரளுக்குள் இருக்கும் வாயுவே விழுங்கிவிடும், பெரிய நட்சத்திரங்கள் சூப்பர்நோவாக்களாக வெடித்து வாயுவில் ஓட்டை போட்ட இடங்கள் வழியாகத்தான் மிச்சம் வெளியே கசியும். குவேசாரில் இந்தத் தொல்லை குறைவு.

ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானைப் பிய்ப்பது என்றால் பேச்சே வேறு. அதற்கு 54.4 எலக்ட்ரான் வோல்ட். பின்னாளில் அதைச் செய்தது குவேசார்கள்தான்.