நான்கு ஆசிரியர்களும் ஒரு லாசருவும்

எங்கள் செவிலியர் கல்லூரி, திருச்சபை மருத்துவமனையை ஒட்டியது. மூன்று வகுப்புகளுக்கு நான்கு ஆசிரியர்கள். உடற்கூறியல் எடுப்பது முதல்வர் சிஸ்டர். விடுதிச் சாவியும் அவரிடம்தான். வார்டில் ஆள் குறைந்தால் எங்களில் ஒருவர் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓட வேண்டும். இந்த நிலையில்தான், இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சு ஊதும் முதலுதவியான சி.பி.ஆரைப் பழக, அழுத்தத்தை அளந்து காட்டும் பொம்மை ஒன்றை வாங்க நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது. "ஓர் ஆசிரியருக்குச் சமம் என்கிறார்களே" என்றார் ஆயர். ஒன்றரை ஆண்டு அதோடு மல்லுக்கட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

பழைய பொம்மைக்கு, போதிய ஆழம் அழுத்தினால் எழும் 'கிளிக்' என்ற ஒரே பாஷைதான் தெரியும். பெரியவர்களுக்கு மார்பு குறைந்தது 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ வேண்டும். இருபது பேர் வரிசையில் நிற்க, இத்தனையையும் ஒருத்தி எப்படிப் பார்ப்பாள்? புதியதில் ஆழம் சரியென்றால் பச்சை விளக்கு, போதாவிட்டால் மஞ்சள். கையின் பாரத்தை எடுக்காமல் மார்பின் மேலேயே சாய்ந்துகொள்ளும் பழக்கத்தை என் கண் பல ஆண்டுகளாகத் தவறவிட்டிருக்கிறது. இது உடனே காட்டிக்கொடுக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். இப்போது பச்சை மெல்ல மஞ்சளாவதைப் பார்த்ததும் அவர்களே விலகிக்கொள்கிறார்கள். பாடகர் குழுப் பிள்ளைகளுக்குத் தாளம் மட்டும் ஒருபோதும் பிசகுவதில்லை.

தினமும் செத்துப் பிழைப்பதால் மாணவிகள் அதற்கு, பைபிளில் இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஆனால் கை மார்பைத் தொடும்வரை லாசருவுக்கு எதுவும் தெரியாது. முதல் தேர்வில் ஒருத்தி தோளைத் தட்டிப் பார்க்கவில்லை, உதவிக்குக் குரல் கொடுக்கவில்லை. நேராக மண்டியிட்டு அழுத்தத் தொடங்கினாள். திரையில் மதிப்பெண் 96! அன்றிலிருந்து இறுதியாண்டு மாணவி ஒருத்தி தாளும் பேனாவுமாக அருகில் நிற்கிறாள். அவள் குறித்துக் கொடுக்காமல் மதிப்பெண் கிடையாது.

எரிச்சல்களும் உண்டு. பொம்மையின் முகத்தில் மாட்டிக் கழற்றும் முகத்தோல் கொடுத்தது இரண்டே. 30 அழுத்தத்துக்கு 2 ஊதல் என்று பயிற்சி நடக்கும்போது, ஒவ்வொருவர் வாய் வைத்த பிறகும் ஆல்கஹால் கொண்டு துடைத்து உலர விடுவதிலேயே பாதி வகுப்பு கரைகிறது. கூடுதல் தோல் வந்து சேர இரண்டு மாதமாயிற்று. திரைக்கான டேப்லெட் அலுவலக வருகைப் பதிவுக்கும் அதுவே என்பதால் காலை வகுப்பில் விளக்குகளே துணை. ஓராண்டில் மார்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தது. மெலிந்த முதலாண்டுப் பெண்கள்கூட முகம் சுளிக்காமல் பச்சை வாங்கியபோதுதான் சந்தேகம் வந்தது. விற்றவர்கள் "அது இயல்புதான்" என்றார்கள். மூன்று கடிதம் போன பிறகே மாற்று வந்தது.

ஆள் குறைந்த கல்லூரி என்றால் தாராளமாக வாங்கலாம். பத்து முகத்தோலும் ஒரு ஸ்பிரிங்கும் சேர்த்தே விலை பேசுங்கள். இரவு ஜெபம் முடிந்ததும் மாணவிகள் சிஸ்டரிடம் சாவி கேட்டு நிற்பது பழைய பொம்மையின் காலத்தில் நடக்காத காரியம்.

போன வாரம் ஆயரும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு அழுத்திப் பார்த்தார். முதல் நிமிடம் முடிவதற்குள் மஞ்சள்.